அயலவர் வளவில் மரக்கறிச் செய்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் பூட்டிய படலை ஒன்றையாவது காணலாம். உரியவர்கள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பார்கள். சாவி பக்கத்து வீட்டில் தொங்கும். நான்கு பரப்பு, அதாவது ஏறக்குறைய கால் ஏக்கர் வளவில் நாயுருவி இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கும். அதற்கு அடுத்த வளவில் வயதான ஒருவர் தனியே இருப்பார்; கத்தரி வைக்க மனமிருந்தாலும் மண்வெட்டி பிடிக்க அவர் கையில் வலு இராது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கப்பட்ட நாட்களில், இப்படிப்பட்ட வளவுகளைச் சேர்த்துக் கூட்டாகச் செய்கை பண்ணலாம் என்று எங்கள் அயலில் சிலர் இறங்கினோம். நாங்கள் பட்ட இடர்களில் பூச்சியாலும் நோயாலும் வந்தவை குறைவு. மற்றவர் வளவை வெறுங்காணியாக எண்ணியதால் வந்தவையே அதிகம். ஆகவே அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் தவறு, சாவி வைத்திருப்பவரின் வாய்ச்சொல்லை அனுமதியாக எடுத்துக்கொள்வது. இங்குள்ள காணிகளில் பல, சகோதரர்களுக்குப் பிரிபடாத பங்குகளாகவே இருக்கின்றன. ஒருவர் சம்மதித்தாலும் கனடாவில் இருக்கும் மற்றவர் ஆறு மாதம் கழித்து, தன் காணியில் யாரோ குடியேறிவிட்டார்கள் என்று கலங்குவார். அந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உரியவருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டனுபவித்தவர் ஆட்சியுரிமை கோர முடியும். அனுமதியோடு இருப்பவருக்கு அந்த உரிமை பிறக்காது என்பதால், எத்தனை பரப்பு, எந்தப் போகம், எந்த மாதம் விட்டு விலகுவது, கிணற்றைப் பாவிப்பது எப்படி என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, பங்காளர் எல்லோருடைய சம்மதத்தையும் பெற்று, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டால் இரு தரப்பும் நிம்மதியாக உறங்கலாம். இதே காரணத்தால் முருங்கை, தென்னை, மா முதலிய நின்று பயன்தரும் மரங்களை அந்த வளவில் நடவே கூடாது என்பது என் கருத்து. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே, பிறர் நிலத்தில் மரம் நட்டவருக்கும் நிலத்துக்கு உரியவருக்கும் பலன் எப்படிப் பிரியும் என்பது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்றால், இந்தப் பிணக்கு எவ்வளவு பழையது என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம். நான்கைந்து மாதத்தில் காய்த்து முடியும் பயிரோடு நிற்பதே நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு கிணற்றில்தான் நடக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் நீரைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் இறைக்கிறோம். அந்த நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்பதால், மோட்டரை நெடுநேரம் ஓடவிட்டால் கீழிருக்கும் உவர் மேலெழும். கடல்நீரேரிக்கு அண்மையிலுள்ள அரியாலை, நாவற்குழிப் பக்கங்களில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். நாங்கள் முதல் ஆண்டில் இதை உணரவில்லை. வைகாசியில், சோளகம் வீசி மண்ணை உலர்த்திய நாட்களில், ஓர் அம்மாவின் கிணற்றில் மாலைதோறும் இரண்டு மணி நேரம் இறைத்தோம். ஒரு நாள் அவர் என்னைக் கிணற்றடிக்கு அழைத்து, வாளியைச் சரித்துக் காட்டினார். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெண்ணிறச் சேறு படிந்திருந்தது. “தம்பியவை, நீங்கள் இறைச்சுப்போட்டுப் போறியள், விடிய எனக்கு வாளியிலை வாறது இதுதான்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு அவ்வளவு நொந்திராது.

அன்று முதல், முடிச்சிட்ட கயிறு ஒன்றைக் கிணற்றில் இறக்கி, கிழமைக்கு ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதுகிறோம். அந்த வீட்டுக்காரர் தம் தேவைக்கு எடுத்த பிறகே இறைக்கிறோம். அதையும் ஒரே மூச்சில் இறைக்காமல் அரை மணி நேரத்துடன் நிறுத்தி, ஊற விட்டு மீண்டும் தொடங்குகிறோம். பாத்திகளின் மேல் காய்ந்த இலைகுழையும் உக்கிய கிடுகும் பரப்பியதில் இறைப்பு குறைந்தது. மின்கட்டணத்தையும் மறந்துவிடக் கூடாது. அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் நிலைக்கட்டணமும் படியேறுவதால், எங்கள் இறைப்பு அந்த வீட்டின் முழுக் கட்டணத்தையும் உயர்த்திவிடும். ஆகவே முந்தைய மாதங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, கூடிய தொகை முழுவதையும் குழுவே கொடுக்க வேண்டும்.

கிணற்றுக்குள் எதை இறக்குகிறோம் என்பதும் இதே அளவு பாரதூரமானது. எங்கள் செம்மண் சில இடங்களில் ஆழம் குறைந்தது, அதன் கீழுள்ள கல்லோ வெடிப்புகள் நிறைந்தது. அதனால் கைநிறைய வீசிய யூரியா அதிக நாள் செல்லாமலே நைத்திரேற்றாக நீரில் கலந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை தாண்டப்பட்டிருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இந்த நீர் ஆபத்தானது. சேதனப் பசளை என்றால் எவ்வளவும் போடலாம் என்ற எண்ணமும் பிழையே. மாட்டெருவைக் குவித்தாலும் நைத்திரேற்று இறங்கத்தான் செய்யும். எருக்குவியலைக் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள், பசளையைச் சிறு சிறு பங்காக இடுங்கள். கிருமிநாசினி தெளிக்க வேண்டி வந்தால், முதல் நாளே வீட்டாருக்குச் சொல்லி, கோழியைக் கூட்டில் அடைக்கச் செய்து, அறுவடைக்கு முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று போத்தலில் எழுதியிருப்பதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். தெளிகருவியைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்க முடியாது.

வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாத்திக்குத் தாழ்ப்பதற்கென்று எல்லைக் கதியால்களில் பூவரசங்குழையும் கிளிசறியாவும் வெட்டினோம். மறுபக்கத்து வீட்டுக்காரர் அந்தக் குழையை நம்பித்தான் இரண்டு ஆடு வளர்த்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டியிருக்கலாம். பயிற்றைக் கொடியை வேலியில் படரவிடுவதற்கும், கதியால் ஒன்றை ஒரு சாண் நகர்த்துவதற்கும் இதே விதிதான்: இரு பக்கத்தாரும் நின்று பார்த்துச் சம்மதித்தால் ஒழியத் தொடக்கூடாது.

பயிர்த் தெரிவில் கூட்டுச் செய்கைக்கே உரிய தவறு, எல்லா வளவிலும் ஒரே பயிரை வைப்பது. ஒரே கிழமையில் கத்தரி குவிந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் விலை விழும். காய் துளைக்கும் புழுவும் வளவுக்கு வளவு தாவும். பல வளவுகள் கையில் இருப்பதன் பெரிய நன்மையே பயிரை மாற்றி மாற்றி வைக்க முடிவதுதான். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால், இந்தப் போகம் அவை நின்ற வளவில் அடுத்த போகம் வெண்டியோ பயிற்றையோ கீரையோ நிற்கட்டும். வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்புழு நாற்றோடும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் பரவும். ஆகையால் ஒரு வளவில் வேலை முடிந்ததும் கருவிகளைக் கழுவிய பின்னரே அடுத்த படலையைத் திறக்க வேண்டும். மாமர நிழலில் வெண்டியை வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்துவோரைப் பார்த்திருக்கிறேன். அந்த இடம் வல்லாரைக்கும் கருணைக்கிழங்குக்கும் உரியது. மாரியில் மேட்டுப்பாத்தி, கோடையில் தாழ்பாத்தி என்பதை ஊர்த் தோட்டக்காரர் எவரும் சொல்வார். ஐயம் இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம்.

நீர் நிறைத்த பீப்பாய்களை மூடாமல் விடுவதும், நாற்றுக்கு வைத்த பொலித்தீன் பைகளையும் சிரட்டைகளையும் மாரிக்குள் கிடக்க விடுவதும் டெங்கு நுளம்புக்கு இடம் கொடுக்கும். ஆளில்லாத வளவுகளில் கிழமைக்கு ஒரு முறை பார்த்துக் கவிழ்ப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

பங்கிடுவதில் நேரும் தவறு அளவைவிட முறையைப் பற்றியது. விற்றது போக மிஞ்சிய சொத்தைக் காயை வீட்டுக்காரருக்குக் கொடுத்தால், அது அவரைச் சிறுமைப்படுத்தும். முதற்காய் எந்த வளவில் பறிக்கப்படுகிறதோ அந்தக் குசினிக்கே போக வேண்டும். பிறகு வருவதைத் தராசில் நிறுத்து, எல்லோரும் பார்க்கக்கூடிய கொப்பியில் எழுதி, முன்பே பேசிய பங்கின்படி பிரிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு மரக்கறி அனுப்ப முடியாது. பாத்தியின் படத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் மாதத்துக்கு ஒரு முறை அனுப்பினால், அடுத்த ஆண்டு அனுமதி கேட்கும்போது அவர் தயங்கமாட்டார்.

இறுதியாக, விலகும் விதம். உரியவர் வீடு திருத்த வருகிறார் என்று தெரிந்ததும், காய்க்கிற செடியைக் காட்டி இன்னும் இரண்டு மாதம் கேட்பது பிழை. எழுதிய நாளில் விலக வேண்டும். பந்தல் தடிகளைப் பிடுங்கி, வேரோடு செடிகளை அகற்றி, நோய்ப்பட்டவற்றை எரித்து, பாத்திகளைச் சமப்படுத்தி, கிணற்றுக்கட்டைக் கழுவி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முற்றத்தைக் கூட்டிய பிறகு படலையைப் பூட்டிச் சாவியை உரியவரின் கையிலேயே கொடுங்கள்.