நீச்சல் குளக் கூண்டு வலையில் சவுக்குச் சருகு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் உச்சிப்புளி பக்கம் ஒரு விடுதியில், நீச்சல் குளத்தை மூடி நிற்கும் வலைக்கூண்டை, வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள் கழுவிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில், கையில் போர் தண்ணீர் ஹோஸ். வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறு. மனசு கேட்கவில்லை, மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

உப்புத் தண்ணீரில் கழுவுவது

கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் சவுக்குச் சருகு கூரை வலையில் மெத்தை மாதிரி படிந்துவிடும். ஊசி ஊசியாக இருப்பதால் வலைக் கண்ணில் பாதி நுழைந்து அப்படியே நிற்கும், விளக்குமாற்றால் ஒரு இழுப்பில் வராது, அதனால்தான் எல்லோரும் ஹோஸைத் தேடி ஓடுகிறார்கள். ஆனால் நம் கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு வலையிலேயே தங்கிவிடும். ராத்திரி ஈரக்காற்றை அந்த உப்பு இழுத்துக்கொள்ளும், சட்டம் விடியும் வரை நசநசவென்றே இருக்கும்.

இதில் முதலில் போவது வலை இல்லை, ஸ்குரூ இருக்கும் இடம். அலுமினியச் சட்டத்தில் இரும்பு ஸ்குரூ போட்டிருந்தால், உப்பு ஈரம் பட்டதும் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்ன ஆரம்பிக்கும். ஸ்குரூவைச் சுற்றி விபூதி மாதிரி வெள்ளைத் தூள் வரும், ஓட்டை பெரிதாகும். நான் பார்த்துக்கொண்ட கூண்டில் ஒரு ஸ்குரூ விரலால் திருகியதற்கே கழன்று கையோடு வந்தது. அந்த ஐப்பசியில் வாடைக்காற்று ஒரு கூரைப் பகுதியையே பிய்த்துக் குளத்துக்குள் போட்டது. உள்ளே யாரும் இல்லை, அந்த மட்டில் தப்பித்தோம். ஆனால் சட்டம், வலை, ஸ்குரூ எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் அன்று மிச்சம் பிடித்தது ஒரு டிரம் நல்ல தண்ணீர்.

சரி, எப்படிச் செய்வது? சருகு நன்றாகக் காய்ந்திருக்கும்போது, கூண்டுக்குள் நின்று நீளக் கழியில் கட்டிய மெத்தென்ற பிரஷ்ஷால் வலையைக் கீழிருந்து மெல்லத் தட்டுங்கள். நுழைந்து நிற்கும் ஊசிகள் மேலே எழும்பும், மிச்சத்தைக் காற்றே கொண்டுபோகும். அப்புறம் சாயங்காலமாக, லாரியில் வரும் நல்ல தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சட்டத்தையும் ஸ்குரூத் தலைகளையும் துடைத்தால் போதும். ஸ்குரூ மாற்றுவதாக இருந்தால் 316 ரக ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், அதில் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் 304 ரகத்தை விட உப்பைத் தாங்கும். அடியில் நைலான் வாஷர் போட மறக்காதீர்கள்.

பிரஷர் வாஷர்

கிட்டே வைத்து அடித்தால் வலையைப் பிடித்திருக்கும் ரப்பர் கயிறு சட்டத்தின் பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடும். வேண்டாம்.

கூரை மேல் ஏறுவது

ஏறாதீர்கள்.

மழை விட்டபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

நனைந்த சருகு கனத்து வலையைத் தொங்கப் போட்டுவிடும். தொங்கிய வலை திரும்ப இறுகாது, கழற்றிப் புதிதாகத்தான் இழுத்துக் கட்ட வேண்டும். புரட்டாசிக்குள் தட்டிவிடுங்கள்.