கையில் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் விட்டால் விழுகிறது

ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர் (மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டின் ஸ்டாக் கணக்கை நான் காட்பாடியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்கிறேன். ராணிப்பேட்டை டேனரியிலிருந்து அன்றன்றைக்கு அனுப்பிய தோலின் விவரம் ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வரிகள்) ஃபைலாகச் சர்வருக்கு வரும். ராத்திரியில் கிரான் (சர்வரில் குறித்த நேரத்துக்கு வேலையைத் தானே ஓட்டும் நிரல்) அதை எடுத்து மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். ஏற்றாத நாளில் காலையிலேயே போன் வரும்: "சார், நேத்து வந்த லாட் ஸ்டாக்ல காட்டல. பாய் கேக்குறாரு." (பாய் என்றால் யூனிட்டை நடத்துபவர்.)

ஆரம்பத்தில் நான் செய்ததைத்தான் பலரும் செய்கிறார்கள். உடனே லாகின் செய்து கிரான் ஓட்டும் அதே ஸ்கிரிப்டைக் (கட்டளைகள் எழுதிய ஃபைலை) கையால் ஓட்டுவேன். ஓடிவிடும். "சரி பண்ணிட்டேன் பாய்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவேன். மறுநாள் காலை அதே போன்.

இது எப்படித் தவறாகும் என்று கேட்கலாம், வேலைதான் முடிந்துவிட்டதே. இரண்டு கெடுதல் உண்டு. ராத்திரி ஏன் விழுந்தது என்பதற்கான தடயத்தை நாமே அழித்துவிடுகிறோம். அதைவிட மோசம், ராத்திரி இம்போர்ட் பாதி ஏறிய நிலையில் நின்றிருந்தால், கையால் மறுபடி ஓட்டும்போது அந்தப் பாதி இரண்டு முறை ஏறும். ஒருமுறை அப்படித்தான் கோடவுனில் இல்லாத தோலெல்லாம் கணக்கில் இருந்தது. இப்போது இன்வாய்ஸ் எண்ணும் லாட் எண்ணும் சேர்ந்த ஜோடி ஒரே ஒருமுறைதான் வர முடியும் என்று டேபிளிலேயே யுனீக் கீ போட்டிருக்கிறேன். அதோடு, எதையும் ஓட்டுவதற்கு முன் ஃபைலையும் லாகையும் (ஓடும்போது எழுதப்படும் பதிவையும்) வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிடுகிறேன்.

லாக் என்று ஒன்று இருந்தால்தான் நகல் எடுக்க முடியும். கிரான் வரியின் கடைசியில் எல்லா வெளியீட்டையும் டெவ்-நல்லுக்குத் (எதைப் போட்டாலும் மறைந்துவிடும் இடம்) தள்ளிவிடுவது நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது, மெயில் வந்து தொல்லை செய்கிறது என்று. ஒரு லாக் ஃபைலில் சேர்த்து எழுதச் சொல்லி, பின்னால் 2>&1 போடுங்கள். அது இல்லாவிட்டால் பிழைச் செய்திகள் லாகுக்கு வராது.

சரி, கையில் ஓடுவது கிரானில் ஏன் விழுகிறது? கையால் ஓட்டும்போது ஓட்டுவது நீங்கள். உங்கள் யூசர், உங்கள் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்), நீங்கள் நிற்கும் ஃபோல்டர், உங்கள் ஹோமில் ஒளிந்திருக்கும் பாஸ்வேர்டு ஃபைல் எல்லாம் கூடவே வருகின்றன. கிரான் வேறு யூசரில் ஓடினால் இவை எதுவும் அதற்குத் தெரியாது. உங்கள் யூசரிலேயே ஓடினாலும் பாத்தும் நிற்கும் ஃபோல்டரும் மாறலாம். டெபியன், உபுண்டு சர்வர்களில் யூசர் கிரானுக்குக் கிடைக்கும் பாத்தில் இரண்டே இரண்டு ஃபோல்டர்கள்தான் இருக்கும். உங்கள் புரொஃபைல் ஃபைலை அது படிப்பதில்லை. அதனால் கட்டளைக்கும் ஃபைலுக்கும் முழுப் பாதையை எழுதுங்கள்.

இன்னொரு பொறி என் ஒரு வாரத்தைத் தின்றது. ஃபைல் பெயரில் அன்றைய தேதி வர வேண்டும் என்று டேட் கட்டளையில் % போட்டிருந்தேன். கிரான்டேப்பில் (கிரான் வேலைகளை எழுதும் ஃபைல்) % என்றால் புது வரி என்று பொருள். கட்டளை அந்த இடத்தோடு வெட்டுப்பட்டுவிடும். டெர்மினலில் அதே வரி ஒழுங்காக ஓடும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் தீர்ந்தது. ஆகவே டெர்மினலில் சோதித்துத் திருப்திப்பட வேண்டாம். கிரானிலேயே இரண்டு நிமிடம் தள்ளி நேரம் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் விழுந்ததும் தெரிந்துவிடும் தவறுகள். எனக்குப் பயம், ஓடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே தப்பாக ஏற்றும் இம்போர்ட்டின் மேல்தான். டேனரிக் கணக்கர் எக்செலில் அடியை அழகாக 1,25,000 என்று போட்டிருந்தார். சிஎஸ்வியில் அது மேற்கோள் குறிக்குள் பத்திரமாக வந்தது. எண் மட்டுமே ஏற்கும் கட்டத்தில் மைஎஸ்கியூஎல் முதல் காற்புள்ளியோடு நிறுத்திக்கொண்டது. ஒன்றேகால் லட்சம் சதுர அடி தோல், ஸ்டாக்கில் 1 சதுர அடி! ஸ்ட்ரிக்ட் மோட் (தப்பான மதிப்பை ஏற்காமல் நிறுத்தும் அமைப்பு) இருந்தும் இப்படி நடந்ததற்குக் காரணம், லோட் டேட்டாவை (ஃபைலை டேபிளில் ஏற்றும் கட்டளை) லோக்கல் என்று சேர்த்து ஓட்டியது. அப்படி ஓட்டினால் இந்த மாதிரிப் பிழைகள் வெறும் எச்சரிக்கையாக இறங்கிவிடும், இம்போர்ட் நிற்காது. ஏற்றிய உடனே எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லி அதையும் லாகில் எழுதுங்கள். இல்லையென்றால், நான் இப்போது செய்வது போல, எல்லாக் கட்டத்தையும் எழுத்தாகவே ஒரு தற்காலிக டேபிளில் ஏற்றி, சரிபார்த்த பிறகு உண்மையான டேபிளுக்கு மாற்றுங்கள். பழைய சரக்கை டிரங்கேட் செய்துவிட்டுப் (டேபிளை முழுதாகக் காலி செய்துவிட்டுப்) புதியதை ஏற்றுவது ஆகவே ஆகாது. மைஎஸ்கியூஎல்லில் டிரங்கேட்டைத் திரும்பப் பெற வழியில்லை, பாதியில் விழுந்தால் காலையில் காலி டேபிள்தான்.

சுருக்கிய ஃபைலை விரித்து பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் இணைப்பு) வழியாக டேட்டாபேஸுக்கு அனுப்புகிறவர்கள் பாஷ் ஸ்கிரிப்டில் பைப்ஃபெயிலைப் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் கடைசிக் கட்டளை சரியாக முடிந்தாலே எல்லாம் சரியாக முடிந்ததாகக் கணக்கு. ஃபைல் பாதி வந்துகொண்டிருக்கும்போதே எடுத்துவிடாமல் இருக்க, அனுப்புகிறவர் வேறு பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயரை மாற்றச் சொன்னால் போதும்.

உள்ளூர்ச் சிக்கல் ஒன்று. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு. ஃபைலில் புதுப் பெயர் வந்தது, எங்கள் மாவட்ட டேபிளில் அது இல்லை. ஃபாரின் கீ (வேறு டேபிளில் இருக்கும் பெயரை மட்டுமே ஏற்கும் கட்டுப்பாடு) தடுத்து, அந்த வரிசைகள் உள்ளே வரவே இல்லை. 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் அடித்து எழுதியிருப்பார்கள். கிரானுக்கு அடித்து எழுதத் தெரியாது. பலர் இங்கே ஃபாரின் கீ சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். மறுபடி போட்டாலும், இடையில் நுழைந்த அநாதை வரிசைகளை மைஎஸ்கியூஎல் திரும்பிப் பார்க்காது. தெரியாத பெயர் வந்தால் தனி டேபிளில் ஒதுக்கி வையுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நேரத்தையும் பாருங்கள். வாடகைச் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். இரண்டு மணி என்று நீங்கள் வைத்தது நமக்குக் காலை ஏழரை. அதற்குள் யூனிட்டில் என்ட்ரி போட ஆரம்பித்திருப்பார்கள். சர்வர் ஆபீஸிலேயே இருந்தால் வேறு கதை. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போன நேரத்தில் தவறிய வேலையைச் சாதாரண கிரான் பிறகு ஓட்டாது. அதற்கு அனாக்ரான் வேண்டும்.

இப்போது தினமும் காலையில் எனக்கும் பாய்க்கும் ஒரு மெசேஜ் வருகிறது: ஃபைலில் எத்தனை வரி, டேபிளில் எத்தனை ஏறியது. இன்று 412 வந்து 411 ஏறியிருக்கிறது. "ஒண்ணு எங்க போச்சு?" என்று அதற்குள் கேட்டுவிட்டார். தலைப்பு வரியையும் சேர்த்து எண்ணிவிட்டேனா என்று முதலில் பார்க்க வேண்டும்.