நியூட்டன் முறைக்கு வகைக்கெழுவைத் தனியாக எழுத வேண்டாம்

பல்லுறுப்புக்கோவையின் மூலத்தை (அதன் மதிப்பு பூச்சியமாகும் எக்ஸை) நியூட்டன் முறையில், அதாவது ஓர் ஊகத்தைப் படிப்படியாகத் திருத்தித் தேடும்போது, மதிப்பையும் வகைக்கெழுவையும் ஒரே லூப்பில் கணக்கிட்டுவிடலாம். மதிப்பு, சரிவு (வகைக்கெழு) இரண்டையும் 0 என்று தொடங்குங்கள். உயர்ந்த படியின் கெழுவிலிருந்து வரிசையாக ஒவ்வொரு கெழுவுக்கும் இந்த இரண்டு வரிகள் போதும்:

சரிவு = சரிவு × எக்ஸ் + மதிப்பு
மதிப்பு = மதிப்பு × எக்ஸ் + கெழு

இந்த வரிசை மாறவே கூடாது. சரிவுக்குப் பழைய மதிப்புதான் வேண்டும். மாற்றிப் போட்டால் நிரல் பிழை காட்டாமல் தவறான விடையைத் தரும்.

நியூட்டனே எடுத்துக்கொண்ட சமன்பாட்டின் (எக்ஸ்³ − 2எக்ஸ் − 5 = 0) கெழுக்கள் 1, 0, −2, −5. எக்ஸ் 2 என்றால் மதிப்பு −1, சரிவு 10 என்று வரும். எக்ஸிலிருந்து மதிப்பு ÷ சரிவைக் கழித்தால் அடுத்த ஊகம் 2.1, அதற்கடுத்தது சுமார் 2.09457. உண்மையான மூலம் 2.09455 அளவில் இருக்கிறது.

இது, பல்லுறுப்புக்கோவையின் மதிப்பைக் கணக்கிடும் ஹார்னர் முறையின் நீட்சி. அடுக்குகளைத் தனித்தனியாகக் கணக்கிடாமல் பெருக்கலும் கூட்டலுமாகவே முடிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய லாபம், கெழுவை மாற்றினால் வகைக்கெழுவும் தானாக மாறிவிடும்.

ஆயிரம் படியில் இரண்டே உறுப்புகள் என்பதுபோல் பெரும்பாலான கெழுக்கள் பூச்சியமானால் இது வீண் வேலை. அங்கே நேரடி அடுக்கே மேல். அப்புறம், நியூட்டன் முறையின் பலவீனங்களை இது சரிசெய்யாது. கெழுக்கள் 1, 0, −2, 2 என்று வைத்து 0-இல் தொடங்கிப் பாருங்கள், 0, 1, 0, 1 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். லூப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.