வார்டுக்குள் ஒரு உரக்கூடம்: நான்கு பெண்களுக்கு மாதச் சம்பளம் வரும்படி அமைப்பது எப்படி

நாகர்கோவில், குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தில் முந்திரி ஆலை வேலையை விட்டுவிட்டு வரும் பெண்களும், குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்களும், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பெண்களும் ஏராளம். வீட்டு, கடை ஈரக்கழிவை மக்கவைத்து உரமாக்கி விற்கும்படி அவர்களுக்காகத் தொடங்கும் உரக்கூடங்கள் பல ஓராண்டு தாண்டுவதில்லை. உரம் சரியாக வராததால் மூடுகிறவை குறைவு. உரம் விற்ற காசில் சம்பளம் தந்துவிடலாம் என்று நம்பியதால் மூடுகிறவைதான் அதிகம். அதனால் தொட்டி கட்டுமுன் சம்பளக் கணக்கைப் போடுங்கள்.

முதலில் கணக்கு

300 வீடு, நாலு சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 600 கிராம் ஈரக்கழிவு என்றால் 180 கிலோ. கடைகளிலிருந்து 60 கிலோ. ஆக நாளுக்கு 240 கிலோ, 26 நாளில் சுமார் 6.2 டன். மக்கி, சலித்து, மூட்டை கட்டும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்: 1,250 கிலோ. கிலோ 10 ரூபாய்க்கு விற்றாலும் 12,500 ரூபாய்தான்.

நான்கு பேருக்கு நாளுக்கு 500 ரூபாய் வீதம் 52,000 ரூபாய் வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தினக்கூலி அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே குறைந்தபட்சம். சாணம், சருகு, கையுறை, வண்டி சார்ஜ் எல்லாம் சேர்த்து 8,000. மொத்தச் செலவு 60,000.

வரவைப் பாருங்கள்: வீட்டுக்கு மாதம் 60 ரூபாய் என்றால் 18,000, கடைகளிடம் கிலோவுக்கு 4 ரூபாய் என்றால் 6,240, உரம் 12,500. கூட்டினால் 37,000 கூட வரவில்லை. மீதி 23,000 சொச்சத்தை உள்ளாட்சி தர வேண்டும். டன்னுக்கு 3,750 ரூபாய் என்று கேளுங்கள். அந்தக் குப்பையை லாரியில் ஏற்றிக் கிடங்கு வரை கொண்டுபோகும் செலவு அவர்களுக்கு மிச்சமாகிறது, அதையே வாதமாக வையுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் வராமல் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். இரண்டு மாதம் சம்பளம் தவறினால் நல்ல கைகள் கட்டட வேலைக்குப் போய்விடும், திரும்பி வராது.

எல்லைக்கு அந்தப்பக்கம், பாறசாலையில் தொடங்கிக் கேரளம் முழுக்க, ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் முதலிய மக்காத கழிவை எடுத்து, வீட்டாரிடமே கட்டணம் வாங்குகிறார்கள். அங்கே கழிவை எடுத்துப் பிரிக்கும் உழைப்புக்குத்தான் காசு. அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரைச் சேர்ப்பது

மகளிர் சுயஉதவிக் குழுவாகப் பதிவு செய்யுங்கள். கூட்டுக் கணக்கு, வாரக்கூலி. ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: தலைமுறையாக மலமும் குப்பையும் சுமக்க வைக்கப்பட்ட சாதியினரைத் தொட்டிக்குள்ளும், மற்றவர்களைக் கணக்குப் புத்தகத்திலும் உட்கார வைத்தால், அது பச்சைப் பெயர் பூசிய பழைய அநீதி. வீடு சுற்றுவது, அடுக்குவது, கணக்கு, விற்பனை நான்கையும் நால்வரும் மாதம் ஒன்றாக முறைவைத்துப் பார்க்கட்டும். குளியலறை, கழிப்பறை, துணி மாற்ற ஒரு மறைவிடம் மூன்றும் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி, முழங்கால் வரை பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை தவறக்கூடாது. குப்பை பொறுக்குவோரை 2024 முதல் தூய்மைப் பணியாளர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் சேர்க்கிறார்கள். பெயர் பதிந்தால் பாதுகாப்புக் கருவியும் மருத்துவக் காப்பீடும் கிடைக்க வழியுண்டு.

தொட்டி

திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய முறைதான் நம் ஊருக்குப் பொருந்தும். கிளற வேண்டாம், அதனால் இடுப்பொடியும் வேலை குறைவு. 4 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். காற்று நான்கு பக்கமும் புகவில்லை என்றால் இந்த முறையே இல்லை. முன்பக்கம் கழற்றும்படி பலகை.

ஒரு தொட்டி 800 கிலோ கழிவு கொள்ளும் என்று பாதுகாப்பாகக் கணக்கிடுங்கள். நிரம்பியபின் 90 நாள் சும்மா விட வேண்டும். 240 கிலோ வரவுக்கு நிரம்பி நிற்பவை 24, நிரப்பிக்கொண்டிருப்பவை 4, ஆக 28 தொட்டி. பத்தே தொட்டி கட்டிவிட்டு, இடமில்லாமல் 40 நாளில் தோண்டி எடுப்பதுதான் பரவலான பிழை. அந்த அரைகுறை உரம் வாழைக்கன்றின் வேரைச் சுடும். ஒரு விவசாயி கெட்டால் சந்தை முழுக்கப் போய்விடும்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. கூரை தொட்டிக்கு வெளியே 3 அடி நீட்டி நிற்காவிட்டால் சாரலே அடுக்கை ஊறவைத்துவிடும்.

அடுக்கும் முறை: அடியில் அரையடிப் புதுச்சாணம், அதன்மேல் அரையடிச் சருகு, அதன்மேல் அரையடிக் கழிவு. மறுபடி அதே வரிசை. அடியடுக்குக்கே தொட்டிக்கு 200 கிலோ சாணம் பிடிக்கும். மாதம் எட்டுத் தொட்டி என்றால் ஒன்றரை டன்னுக்கு மேல். பால்பண்ணைக்காரர் ஒருவரிடம் முன்பே பேசி வையுங்கள். தட்டுப்பாடு வந்தால் மேலடுக்குகளுக்குச் சாணத்தைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றலாம். கழிவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை உள்ளே தள்ளிப் பரப்புங்கள். ஓரத்தில் தெரிந்தால் ஈ முட்டையிடும், புழு வெளியேறும், பக்கத்து வீட்டார் மனு எழுதுவார்கள்.

சருகுக்கு இங்கே குறையில்லை, காலம்தான் முக்கியம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிரும். அப்போதே மூட்டை கட்டி உலர்வாக அடுக்குங்கள். ஜூனில் தேடினால் நனைந்த இலைதான் கிடைக்கும். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, துண்டாக நறுக்கியும் போடலாம். நார்த்தூளை மட்டும் நம்ப வேண்டாம்: மக்க நாளாகும், காயலில் ஊறிய மட்டையிலிருந்து வந்தது என்றால் உப்பும் இருக்கும். தோவாளைப் பூச்சந்தைக் கழிவு அருமையான சரக்கு, ஆனால் நைலான் நூலை உருவி எடுத்தபிறகு. கல்யாண மண்டப வாழையிலையை நறுக்காமல் போட்டால் பாய்போல் படிந்து காற்றை அடைத்துவிடும்.

தொட்டி சொல்லும் குறி

மூன்றிலிருந்து ஐந்து நாளில் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்ட வேண்டும். இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாதபடி சுட்டால் சரி. சூடு ஏறவில்லை என்றால் காய்ந்திருக்கும், அல்லது சாணம் பழையது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி மீன், கோழிக் கழிவு கூடிவிட்டதைக் காட்டும், சருகைக் கூட்டுங்கள். அழுகல் முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை. அந்த அடுக்கைத் தளர்த்திக் கதம்பைத் துண்டு கலக்க வேண்டும்.

வீட்டு வாசலில்

"அம்மா, சோறு கறி ஒரு வாளி; கவரும் குப்பியும் வேற வாளி." இவ்வளவு சொன்னால் போதும். முதல் இரண்டு வாரம் கலந்து தந்தாலும் வாங்கி, அவர்கள் முன்னாலேயே பிரித்துக் காட்டுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து கலந்த வாளியை எடுக்க வேண்டாம். நாப்கினும் ஊசியும் கலந்த குப்பையை ஒரு பெண் கையால் பிரிக்கும்படி விடுவதை எந்தத் திட்டமும் நியாயப்படுத்த முடியாது.

களியக்காவிளை வழியாகவோ வேறெங்கிருந்தோ இரவில் லாரியில் கழிவைக் கொண்டுவந்து, இறக்கவிட்டால் ரொக்கமாகத் தருகிறேன் என்று தரகர் யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக் கழிவு ஒரு மூட்டை உள்ளே வந்தாலும் வழக்கு குழுவின் மேல்தான் விழும்.

விற்பனை

1985ஆம் ஆண்டு உரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கழிவு உரத்தில் ஈரம் 15 முதல் 25 சதவீதம், நைட்ரஜன் குறைந்தது 0.8 சதவீதம், கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருக்க வேண்டும். 90 சதவீதம் 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். ஆய்வகச் சான்று வாங்கிப் பையில் ஒட்டுங்கள். அதற்குமுன் ஒவ்வொரு தொட்டி உரத்திலும் மண் கலந்து பத்துப் பயறு ஊன்றுங்கள். குறைந்தது எட்டுப் பயறு முளைக்காவிட்டால் இன்னும் இரண்டு வாரம் ஆறவிட வேண்டும். செவ்வாழை, மட்டி வாழைத் தோட்டக்காரர்களும் நாற்றுப் பண்ணைகளும் மூட்டைக் கணக்கில் எடுப்பார்கள். மாடித்தோட்டக்காரர்களுக்கு 2 கிலோ பை. விலை இரட்டிப்பாகும், ஆனால் அளவு சிறிது. எந்தத் தொட்டி, எந்த நாள் நிரம்பியது என்று பையில் எழுதுங்கள். புகார் வந்தால் அந்த ஒரு தொட்டியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.