ட்சுபாவில் பூத்திருப்பது எந்தப் பூ?

ஜப்பானிய வாளில் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு தகடு இருக்கும். அதற்குப் பெயர் ட்சுபா. கை வழுக்கி அலகின் மேல் போய்விடாமல் காப்பது அதன் வேலை. பெரும்பாலும் 6 முதல் 8 செ.மீ. அகலம்தான். அந்தச் சின்ன இடத்துக்குள் பூ, வண்டு, நிலா, ஆறு என்று ஒரு தோட்டத்தையே செதுக்கிவிடுவார்கள்.

1876இல் பொது இடத்தில் வாள் அணிவதை ஜப்பான் அரசு தடை செய்தது. அதன்பின் வாளை விட்டுப் பிரிந்த ட்சுபாக்கள் ஏராளமாக மேல்நாடுகளுக்குப் போயின. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நிறையப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நேராக வையுங்கள்

நடுவில் ஆப்பு வடிவத் துளை இருக்கும். அதன் குறுகிய முனை மேலே இருக்கட்டும். பக்கத்தில் அரைவட்டத் துளை இருந்தால் அது சிறுகத்தி செருகுவதற்கு. அது உங்களுக்கு இடப்பக்கம் வந்தால் நீங்கள் பார்ப்பது முன்பக்கம்.

படி 2: இதழின் நுனியைப் பாருங்கள்

ஐந்து இதழைப் பார்த்ததும் ‘சகுரா’ என்று சொல்லிவிடத் தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நுனியின் நடுவில் சின்ன வெட்டு இருந்தால்தான் சகுரா, அதாவது செர்ரி. வெட்டில்லாமல் உருண்டு முடிந்தால் உமே, பிளம் இனம். கூராக முடிந்து நட்சத்திரம் போல விரிந்தால் கிக்யோ, மணி வடிவப் பூ வகை. 1582இல் தன் தலைவரான போர்ப்பிரபு நோபுநாகாவையே கவிழ்த்த தளபதி அகேச்சி மிட்சுஹிதேயின் குடும்பச் சின்னம் அது. மெல்லிய இதழ்கள் சக்கரம் போலச் சுற்றி நெருங்கியிருந்தால் சாமந்தி.

படி 3: பக்கத்தில் என்ன இருக்கிறது?

பூவை மட்டும் வைத்துப் பொருள் சொன்னால் பாதி நேரம் தப்பாகிவிடும். சகுரா என்றாலே உதிரும் உயிர், சாமுராயின் சாவு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இதழ்களோடு ஒரு தெப்பம் தெரிந்தால் அது ‘ஹனா இகடா’, ஆற்றோடு பூ மிதந்து போகும் வசந்தகாலக் காட்சி. அங்கே போய் மரணத்தைத் தேட வேண்டாம்.

உமேயோடு அம்பறாத்தூணி இருக்கிறதா? அப்படியானால் ஒரு வீரனின் கதை. 1184இல் இகுதா போரில் கஜிவாரா ககெசுவே பூத்த உமேக் கிளையைத் தூணியில் செருகிக்கொண்டு சண்டை போட்டாராம். ஓடும் நீரில் பாதி மூழ்கிய சாமந்தி, 1336இல் பேரரசருக்காகப் போரிட்டு உயிர்விட்ட குசுனோகி மசாஷிகேயின் சின்னம். அதனால் அது விசுவாசத்தைச் சொல்லும். பியோனிக்குப் பக்கத்தில் சிங்கம் நின்றால் பூக்களின் அரசனும் விலங்குகளின் அரசனும் ஜோடி சேர்ந்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது ஐரிஸ் வகையில் வரும் சிலேடை. ‘ஷோபு’ என்ற செடியின் பெயரும் போர்க்குணத்தைப் போற்றுவதைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலி. நீளமான இலையும் வாள் மாதிரியே இருக்கும்.

படி 4: பூவுக்குப் பின்னால் உள்ள தகட்டின் நிறம்

கருநீலம் கலந்த கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஷகுடோ. செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து, ரசாயனக் கரைசலில் போட்டு வரவழைக்கும் நிறம். அதன் மேல் பதித்த தங்கப் பூ இருட்டில் பூத்தது போல இருக்கும்.

படி 5: திருப்புங்கள்

வாள் இடுப்பில் இருக்கும்போது எதிரே நிற்பவர் கண்ணில் படுவது முன்பக்கம். அதனால் வேலைப்பாடு எல்லாம் அங்கேதான் குவியும். அப்புறம் பின்பக்கப் படத்தையும் திறந்து பாருங்கள். முன்னே கிளை நிறையப் பூ இருந்த தகட்டில், பின்னே இரண்டு மூன்று இதழ் மட்டும் விழுந்து கிடக்கலாம்.