பழைய இந்திப் பாட்டில் பாடுவது யார் என்று காதாலேயே கண்டுபிடிப்பது எப்படி

இந்தி தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது என்று தயங்க வேண்டாம். 1971-ல் வந்த 'குட்டி' படத்தில் நம்ம வேலூர் வாணி ஜெயராம் பாடிய 'போலே ரே பப்பீஹரா'வை ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் முதல் வரியிலேயே அவர் குரல் பிடிபட்டுவிடும். அந்தக் காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, மற்ற குரல்களுக்கும் அதைப் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை, வீடியோவை மூடுவது. திரையில் ராஜேஷ் கன்னா முகம் தெரிந்தால் கிஷோர் குமார்தான் என்று மனசு முந்திக்கொண்டு முடிவு செய்துவிடும், அப்புறம் காது வேலை செய்யாது.

பிறகு ஒரே நடிகருக்குப் பலர் பாடியதை வரிசையாகக் கேளுங்கள். இதற்கு தேவ் ஆனந்தைப் போல வசதியான ஆள் கிடையாது. எஸ்.டி. பர்மன் இசையில் மட்டுமே அவருக்கு நாலு குரல் கிடைக்கும். 'டாக்ஸி டிரைவர்' (1954) படத்தில் தலத் மஹ்மூத்: நீட்டும் இடத்தில் குரலில் மெல்லிய நடுக்கம் ஓடும், அதை ஒருமுறை கவனித்தால் மறக்காது. 'சோல்வா சால்' (1958) படத்தில் ஹேமந்த் குமார்: கனமான, ஆழமான குரல், அவசரமே இருக்காது. 'கைடு' (1965) படத்தில் முகமது ரஃபியும் கிஷோரும் இருவருமே பாடியிருக்கிறார்கள், 'தின் டல் ஜாயே' ரஃபி, 'காதா ரஹே மேரா தில்' கிஷோர். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு வாரம் கேளுங்கள். ரஃபி ஒரு சொல்லை முடிக்கும்போது சின்னதாக ஒரு வளைவு வைத்துத்தான் விடுவார், கிஷோர் நெஞ்சைத் திறந்து நேராக விடுவார். முகேஷுக்கு இவ்வளவு பாடுபட வேண்டாம், அந்த மூக்கொலி போதும்.

ஒரு எச்சரிக்கை. 1940-களின் பாட்டுகளில் இது பலிக்காது. 1945-ல் முகேஷும் 1948-ல் கிஷோரும், அவர்களுக்கு முந்தைய நட்சத்திரப் பாடகர் கே.எல். சைகல் மாதிரியே பாடியிருக்கிறார்கள், அப்போது எல்லோருக்கும் சைகல் பித்து.

பெண் குரல்களில்தான் உண்மையான சோதனை. லதா குரல் ஊசி மாதிரி, மேல் ஸ்தாயியிலும் மெலிந்து கூராகவே நிற்கும். ஆஷாவிடம் சதைப்பற்று அதிகம், மூச்சையே பாட்டின் பகுதியாக்குவார். ஆனால் கிளப் டான்ஸ் என்றால் ஆஷா, சோகம் என்றால் லதா என்று பிரிக்காதீர்கள், தயவுசெய்து. 'உம்ராவ் ஜான்' (1981) கஜல்களுக்காக இசையமைப்பாளர் கய்யாம் ஆஷாவை வழக்கத்தைவிடக் கீழ் சுருதியில் பாட வைத்தார், அதைக் கேட்ட பிறகு அந்தப் பிரிவினை நிற்காது.

இசையமைப்பாளர் பெயரும் உதவும். ஓ.பி. நய்யார் லதாவைப் பாட வைத்ததே இல்லை. அவர் பாட்டு என்று தெரிந்தால் லதாவை அடித்துவிட்டு ஆஷாவா, இன்னொரு பாடகி கீதா தத்-ஆ என்று மட்டும் யோசித்தாலே பெரும்பாலும் விடை வந்துவிடும்.

பழகியவர்களே சறுக்கும் இடம் சுமன் கல்யாண்பூர். ராயல்டி தகராறில் லதாவும் ரஃபியும் 60-களில் சில வருஷம் சேர்ந்து பாடவில்லை, அந்த ஜோடிப் பாட்டுகளில் பல சுமனுக்குப் போயின. 'ஜப் ஜப் பூல் கிலே' (1965) படத்தின் 'நா நா கர்தே' பாட்டைக் கேட்டால் லதா என்றே தோன்றும், சுமன்தான். என் காதுக்கு, உச்சிக்குப் போகும்போது சுமன் கொஞ்சம் மிருதுவாகிவிடுவார், லதா அங்கேதான் இன்னும் கூராவார்.

தினம் ஒரு பாட்டு போதும். யார் என்று தாளில் எழுதி வைத்துவிட்டு, அதற்கப்புறம் மட்டும் பெயரைப் பாருங்கள். தப்பாகப் போனால் அதே பாட்டை உடனே திரும்பக் கேளுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.