தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பகடிவதை: தடுக்கும் முறையும் கையாளும் முறையும்

மூன்றாம் ஆண்டு படித்த ஒரு சிறுமியின் தண்ணீர்ப் போத்தல் நாள்தோறும் நிரம்பியபடியே வீடு திரும்பியது. மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்து வெயிலில் காலையிலிருந்து பிற்பகல் வரை ஒரு குழந்தை தண்ணீரே குடிக்காமல் இருப்பது ஏன் என்ற கேள்வி அவள் அம்மாவுக்கு எழுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் ஐந்தாம் ஆண்டு அக்காமார் மூவர் வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, அவளுடைய பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். அடி இல்லை, காயம் இல்லை, கிழிந்த சட்டை இல்லை. ஆகவே பள்ளியில் யாருக்கும் தெரியவும் இல்லை.

தோட்டப்புறப் பள்ளிகளில் பல ஆண்டுகள் மாணவர் நலப் பொறுப்பைப் பார்த்தவள் என்ற முறையில், ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன். பகடிவதையைத் தீர்க்கும் வேலையில் பாதி, பிள்ளை வாய் திறந்த முதல் கால் மணி நேரத்தில் இருக்கிறது. மறுபாதி, விஷயம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகு வரும் வாரங்களில் இருக்கிறது. நாமோ நம் முயற்சி முழுவதையும் இடையில் வரும் விசாரணையிலும் தண்டனையிலும் செலவழித்துவிடுகிறோம்.

முதலில், எது பகடிவதை, எது சண்டை என்பதைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். இத்துறையின் முன்னோடியான நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: துன்புறுத்தும் எண்ணம் இருக்கும், அது திரும்பத் திரும்ப நடக்கும், இரு தரப்புக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருக்கும். வயது, உடல் வலு, ஆள்பலம், அப்பாவின் பதவி, நன்றாகப் பேசத் தெரிந்த வாய் ஆகிய எதுவும் அந்த வலிமையாக இருக்கலாம். சம பலமுள்ள இரண்டு பையன்கள் பந்துக்காகக் கட்டிப் புரண்டால் அது சண்டை. இருவரையும் உட்கார வைத்துப் பேசிச் சமாதானம் செய்யலாம். பகடிவதையில் அதே சமாதான முறை தீங்காக முடியும். ஏனெனில், பயந்திருக்கும் பிள்ளை, தன்னைப் பயமுறுத்தியவரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லாது.

நம் பள்ளிகளின் அமைப்பையும் இங்கே மனத்தில் வைக்க வேண்டும். நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைவானவை. அங்கே ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்புதான். முதலாம் ஆண்டில் பக்கத்தில் உட்கார்ந்தவனோடுதான் ஆறாம் ஆண்டு வரை இருக்க வேண்டும். நகரத்துப் பெரிய பள்ளிகளைப் போல வகுப்பை மாற்றிவிட இயலாது. முழுநேர ஆலோசக ஆசிரியரும் பல சிறிய பள்ளிகளில் இல்லை. இதற்கு மேல், ஒரே வேன், ஒரே லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), ஒரே கோயில் திருவிழா. கேலி செய்தவனின் அப்பாவும் கேலிக்கு ஆளானவனின் அப்பாவும் ஒரே செம்பனை ஆலையில் ஒருவர் மேற்பார்வையாளராகவும் மற்றவர் தொழிலாளியாகவும் இருக்கலாம். இதனால்தான் தோட்டத்தில் பல புகார்கள் பள்ளிக்கு வருவதே இல்லை.

தடுப்பு என்பது இடத்தையும் நேரத்தையும் கவனிப்பது

அறிவுரைச் சுவரொட்டிகளுக்குச் செலவிடும் நேரத்தை ஒரு வரைபடத்துக்குச் செலவிடலாம். பள்ளி வளாகத்தின் எளிய வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, மாணவர் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். மனத்துக்குப் பிடிக்காத, பயமாக இருக்கும் இடங்களில் சிவப்பு வண்ணக்கோலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நான் இதைச் செய்தபோது புள்ளிகள் மூன்று இடங்களில் குவிந்தன: கழிப்பறை, சிற்றுண்டிச்சாலையின் பின்புறம், வேனுக்குக் காத்திருக்கும் வாசல் ஓரம். அந்த மூன்று இடத்திலும் ஓர் ஆசிரியர்கூடக் கண்காணிப்புப் பணியில் இல்லை. எல்லாரும் சபை மண்டபத்திலேயே நின்றிருந்தோம். பணி அட்டவணையை மாற்றி எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வேனை மறந்துவிடக் கூடாது. பள்ளிக்குள் எவ்வளவு கண்காணித்தாலும், நாற்பது நிமிடம் தோட்டத்துச் சாலையில் ஓடும் வேனின் கடைசி இருக்கையில் ஓட்டுநரின் கண் எட்டாது. சின்னப் பிள்ளைகள் முன்னாலும் பெரியவர்கள் பின்னாலும் உட்கார வேண்டும் என்ற ஏற்பாட்டை ஓட்டுநரிடம் பேசி உறுதி செய்யுங்கள். அவரைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து மரியாதையோடு பொறுப்புக் கொடுங்கள். எந்தப் பிள்ளை திடீரென்று ஏறத் தயங்குகிறது என்பது நம்மைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அடுத்தது, பெரியவர்களாகிய நாமே கேலிக்கு எடுத்துக் கொடுக்கும் வாய்ப்புகள். ஆர்.எம்.டி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் துணை உணவுத் திட்டத்தின்கீழ் உணவு பெறும் பிள்ளைகளை, "சாப்பாடு வாங்குகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் சத்தமாக அழைப்பது, அவர்களை ஏழை என்று பெயரிட்டு நிறுத்துவதற்குச் சமம். பட்டியலைச் சிற்றுண்டிச்சாலைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டால், பெயர் சொல்லி அழைக்க வேண்டிய தேவையே இராது. நிறத்தையும் உடல் பருமனையும் வைத்து ஆசிரியர் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல் ஓய்வு நேரத்துக்குள் பட்டப்பெயராகிவிடும். சாதியைச் சுட்டும் சொல் ஏதேனும் காதில் விழுந்தால், அது பிள்ளை வீட்டில் கேட்ட சொல் என்று கொள்ளுங்கள். பிள்ளையைத் திருத்துவதோடு நில்லாமல் பெற்றோரையும் அழைத்துப் பேசுங்கள்.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கனடாவில் பள்ளித் திடல்களைப் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சக மாணவர் ஒருவர் குறுக்கிட்ட நிகழ்வுகளில் 57 விழுக்காடு, 10 விநாடிக்குள் நின்றுவிட்டதைக் கண்டார்கள். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் உருவான கிவா என்ற பகடிவதைத் தடுப்புத் திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களை மாற்றுவதையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால், "தட்டிக் கேள்" என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் போதாது. என்ன சொல்லிக் கேட்பது என்பதை வாயில் பழக்க வேண்டும். நன்னெறிக் கல்விப் பாடத்தில் பத்து நிமிடம் நடித்துப் பழகச் செய்யுங்கள். "வா, நம்மோடு வந்து உட்கார்" என்று பாதிக்கப்பட்டவரின் கையைப் பிடித்து அழைத்து வருவது, கேலி செய்பவரை எதிர்ப்பதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு எளிது; ஆபத்தும் குறைவு. அதுவும் முடியாதவர்கள், சிரிக்காமல் விலகிப் போய் ஆசிரியரிடம் சொல்லலாம். கோள் மூட்டுவதற்கும் உதவி கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்: ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள், ஒருவனை மீட்கச் சொல்வது உதவி.

பிள்ளை சொன்ன முதல் கால் மணி நேரம்

பிள்ளைகள் பெரும்பாலும் நேராகச் சொல்லமாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி, காணாமல்போகும் அழிப்பான்கள், காசு கொடுத்தும் பசியோடு திரும்புவது, "டீச்சர், நான் வகுப்பிலேயே இருக்கட்டுமா?" என்ற கேள்வி ஆகியவையே அவர்களுடைய புகார் மனுக்கள். அப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால், கையிலிருக்கும் பயிற்றியை மூடிவிட்டு, அதன் உயரத்துக்கு உட்கார்ந்து கேளுங்கள். "நீ என்ன செய்தாய்?" என்பது முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. "விளையாட்டுக்குத்தானே" என்றோ, "நீயும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே" என்றோ சொன்ன மறு நொடியே அந்தக் கதவு மூடிக்கொள்ளும். பல நேரம் ஆறாம் ஆண்டு முடியும்வரை திறக்காது. "சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யாரிடம் சொல்லப்போகிறீர்கள், ஏன் என்பதைப் பிள்ளையிடமே விளக்குங்கள்.

பிறகு எழுதுங்கள். தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர்கள், பிள்ளை சொன்ன அதே சொற்கள். "தகாத வார்த்தை பேசினான்" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து அதற்குப் பொருள் இராது. என்ன வார்த்தை என்பதை அப்படியே எழுத வேண்டும். அன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொன்று பாதுகாப்பு: வேனில் இடமாற்றம், கழிப்பறைக்குத் துணை, ஓய்வு நேரத்தில் அருகில் ஓர் ஆசிரியர். விசாரணை முடியட்டும் என்று இதைத் தள்ளிப் போடக் கூடாது.

சம்பந்தப்பட்ட மற்றவர்களை ஒவ்வொருவராக, தனித்தனியாக விசாரியுங்கள். குழுவாக நிறுத்தினால் ஒருவர் சொன்ன கதையையே எல்லாரும் சொல்வார்கள். இருதரப்புப் பெற்றோரையும் அன்றே, வேறு வேறு நேரத்தில் அழைத்துப் பேசுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில், அடித்த பையனையும் அடிபட்ட சின்னவனையும் திங்கட்கிழமைச் சபைகூடலில் எல்லார் முன்னும் நிறுத்தி, மன்னிப்புக் கேட்க வைத்து, கைகுலுக்க வைத்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், எனக்கும் நிறைவாக இருந்தது. அன்று பிற்பகல் வேனில் அந்தச் சின்னவனின் புத்தகப்பை சன்னல் வழியாகச் சாலையில் எறியப்பட்டது. ஒரு வாரம் பள்ளிக்கு வராமல் இருந்த பிறகுதான் அவன் பாட்டி சொல்லி எனக்கு அது தெரிந்தது. எல்லார் முன்னும் கைகுலுக்கச் சொன்னதால், அடித்தவனுக்கு அவமானத்தையும் அடிபட்டவனுக்குக் கூடுதல் பயத்தையும் நானே கொடுத்திருந்தேன். மன்னிப்பு தேவைதான், அது தனியாக, இருவரும் ஆயத்தமான பின்பு, பாதிக்கப்பட்ட பிள்ளை விரும்பினால் மட்டுமே நடக்க வேண்டும்.

துன்புறுத்திய பிள்ளைக்கு என்ன செய்வது? பிரம்படியைப் பொறுத்தவரை, 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின்படி மாணவியரை அடிக்கக் கூடாது. மாணவரையும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ தவிர வேறெவரும் அடிக்க முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதைத்தான் அவன் ஏற்கெனவே நன்றாகக் கற்றிருக்கிறான், அதையே நாமும் கற்பிக்க வேண்டியதில்லை. உடைத்ததை ஈடு செய்வது, சில வாரங்களுக்கு ஓய்வு நேரத்தை ஆசிரியரின் பார்வையில் கழிப்பது, செய்ததைத் தன் வாயால் பெற்றோர் முன் சொல்வது போன்ற, செயலோடு தொடர்புள்ள விளைவுகள் பயன் தருகின்றன. அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். அடிக்கும் பிள்ளைகளில் பலர் அடிபடும் பிள்ளைகள் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

பெற்றோருக்குச் சில சொற்கள். உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனாலும் பள்ளி வாசலில் நின்று அந்தப் பிள்ளையை நீங்களே அதட்டாதீர்கள். நடந்ததை அந்தப் பிள்ளையின் படத்தோடு புலன (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். ஊர் சிறியது, இரு பிள்ளைகளில் எவரும் அதன்பின் தலை நிமிர்ந்து கடைத்தெருவில் நடக்க முடியாது. காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ காட்டி அறிக்கை வாங்குங்கள். புகாரை வாயால் மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளியின் முத்திரையும் தேதியும் பெறுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். பகடிவதைப் புகார்களுக்கென்றே கல்வி அமைச்சு இணையப் பக்கம் ஒன்றையும் வைத்திருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே (அரசாங்க உதவித் தொலைபேசி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கடுமையான காயம், பணப்பறிப்பு, உடலைத் தொட்டுத் துன்புறுத்துவது ஆகியவை நடந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்யத் தயங்க வேண்டாம். 2025இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டம் பகடிவதைச் செயல்களைக் குற்றமாக்கியுள்ளது. 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சட்டம் குற்றவாளியாகக் கொள்ளாது என்றாலும், புகார் பதிவாவது உங்கள் பிள்ளையின் பாதுகாப்புக்கு உதவும்.

மீண்டும் கேட்பது

பெரும்பாலான பள்ளிகள் தவறவிடுவது இதைத்தான். விசாரணை முடிந்த மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியே பார்த்துக் கேட்க வேண்டும். அந்தத் தேதிகளை அன்றைக்கே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். "இப்போது எல்லாம் சரிதானே?" என்று கேட்டால், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "நேற்று ஓய்வு நேரத்தில் யாரோடு சாப்பிட்டாய்? வேனில் எங்கே உட்கார்ந்தாய்? கழிப்பறைக்கு யாரோடு போனாய்?" என்று கேளுங்கள். போத்தல் சிறுமியிடம் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, கழிப்பறையில் இப்போது யாரும் ஒன்றும் செய்வதில்லை என்றாள். சிற்றுண்டிச்சாலையில் தான் தனியாகச் சாப்பிடுவதாகவும் சொன்னாள். கதவைப் பிடிப்பது நின்று, யாரும் பேசக் கூடாது என்ற கட்டளையாக அது மாறியிருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் கோப்பில் "தீர்வு கண்டது" என்று எழுதி மூடியிருப்போம். அவளோடு சாப்பிட இரண்டு தோழிகளை அமர்த்தி, ஐந்தாம் ஆண்டு மாணவியரிடம் மீண்டும் ஒவ்வொருவராகப் பேசி, அது அடங்க மேலும் இரண்டு மாதம் பிடித்தது.

கல்வியாண்டு முடியும்போது இந்தக் குறிப்புகளைப் புதிய வகுப்பாசிரியரிடம் கையளித்து, ஐந்து நிமிடமாவது நேரில் பேசுங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளாக இருந்தால், அவர்கள் எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். நம் ஊரில் துன்புறுத்தியவரும் துன்பப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே பள்ளிக்கு, ஒரே பேருந்தில்தான் போவார்கள். பெற்றோரின் ஒப்புதலோடு அங்குள்ள ஆலோசக ஆசிரியரை, புதிய பள்ளியில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.